எங்கள் கடைத்தெரு நடக்கும் விதம்

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மாணவர் பேரவைச் செயலாளர் அண்ணன் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. மற்றவர்கள் செயற்கை நுண்ணறிவு, சந்திரயான், மின்சாரக் கார் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அதெல்லாம் தேர்வுக்குப் படித்த அளவுக்குத்தான் தெரியும். நன்றாகத் தெரிந்தது கடைத்தெரு ஒன்றுதான். எங்க அம்மா மேற்குத் தாம்பரத்தில் தெருவோரம் கீரை விற்கிறது. பள்ளிக்கூட நாளிலிருந்து நான் வீட்டுப்பாடம் எழுதியது எல்லாம் அம்மா விரித்திருக்கும் சாக்குக்குப் பின்னால் உட்கார்ந்துதான். ஆகவே ஒரு புறநகர்க் கடைத்தெரு எப்படி நடக்கிறது, யார் எப்போது எதை வாங்குகிறார்கள், அந்தப் பணம் எங்கே போகிறது என்பதை எனக்குத் தெரிந்தவரை விளக்குகிறேன். நடுவில் கொஞ்சம் கணக்கு வரும். தாண்டிப் போய்விடாமல் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தாம்பரத்தைப் பற்றி நம் நண்பர்களுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. பாதிப் பேர் தினமும் அந்த வழியாகத்தான் வருகிறோம். 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் வந்தது. 2004 ஜூலை வரை அங்கே மீட்டர் கேஜ் வண்டிகள் ஓடின என்று அப்பா சொல்வார். 1984-ல் சானடோரியம் பக்கத்தில் ஏற்றுமதி வளாகம், நாம் மெப்ஸ் என்கிறோமே, அது வந்தது. 2021-ல் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் பெருங்களத்தூர் முதலான ஐந்து பேரூராட்சிகளும் தாம்பரத்தோடு சேர்ந்து மாநகராட்சி ஆயிற்று. கடைத்தெருவுக்கு இதில் முக்கியமானது ரயில். ரயிலைவிட்டு இறங்கி, ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்து, ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்துக்கு மனிதர்கள் நடக்கிற வழிதான் கடைத்தெரு. சண்முகம் சாலையும் அதை ஒட்டிய சந்துகளும் அப்படி உண்டானவைதான். துணிக்கடை, பாத்திரக்கடை, நகைக்கடை எல்லாம் கட்டடத்துக்குள். அவற்றின் வாசலுக்கும் தார்ச் சாலைக்கும் நடுவே பூ, பழம், காய்கறி, வளையல், நைட்டி, செருப்பு. நடுவே கொஞ்சம் இடம் மிஞ்சினால் அதில் நாம் நடக்கிறோம்.

அம்மா விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்துவிடும். பக்கத்துத் தெரு பெண்கள் மூன்று பேரோடு சேர்ந்து ஒரு குட்டி யானை வண்டி பேசி வைத்திருக்கிறார்கள். அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை எல்லாம் படப்பைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும். கொத்தமல்லி, புதினா, கறிவேப்பிலைக்குக் கோயம்பேடு போக வேண்டும். காலையில் விற்கிறது ஒரு பங்கு என்றால் மாலையில் விற்கிறது மூன்று பங்கு. காரணம் ரயில்தான். ஒரு வண்டி வந்து நின்ற ஐந்து நிமிடத்தில் தெரு நிறையும், பத்து நிமிடத்தில் வடியும், மறுபடி நிறையும். அம்மாவிடம் கடிகாரம் கிடையாது. கூட்டத்தைப் பார்த்தே "ஆறு பத்து வண்டி வந்துட்டுது, தண்ணி தெளி" என்று சொல்லும். நான் கீரைக் கட்டுகளின்மேல் தண்ணீர் தெளிப்பேன்.

அந்த வண்டியில் வருகிறவர்கள் யார்? மெப்ஸில் வேலை பார்க்கும் பெண்கள், ஆபீஸ்களில் துப்புரவு வேலை பார்க்கும் அக்காமார், துணிக்கடையில் நாள் முழுவதும் நின்றுவிட்டு வருபவர்கள். இவர்களில் பலர் வீட்டில் ஃபிரிட்ஜ் இருந்தாலும் ஒரு வாரக் காய்கறியை மொத்தமாக வாங்குவதில்லை. கையில் அன்றைக்கு இருப்பது ஐம்பது ரூபாய், நூறு ரூபாய். இன்று இரவுக்கும் நாளை மதியச் சாப்பாட்டு டப்பாவுக்கும்தான் வாங்குவார்கள். அதனால்தான் தெருவில் கிலோ கணக்கைவிடக் கூறு கணக்கு நன்றாக ஓடுகிறது. "கிலோ என்ன விலை?" என்று கேட்டால் மனதுக்குள் வகுத்துப் பார்க்க வேண்டும். "கூறு இருபது ரூபாய்" என்றால் கண்ணால் பார்த்து எடுத்துக்கொண்டு போகலாம். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. காய் விலை ஏறினால் கூறின் விலை ஏறாது, கூறு சிறுத்துவிடும். 2023 ஜூலையில் தக்காளி விலை உச்சத்துக்குப் போய், ரேஷன் கடையில் கிலோ 60 ரூபாய்க்கு அரசாங்கமே விற்றது நினைவிருக்கலாம். அப்போதும் எங்கள் பக்கத்துக் கடை அக்கா கூறு இருபது ரூபாய் என்றுதான் கூவினார். கூறில் மூன்றே மூன்று தக்காளி.

கூறைப் போலவே கொசுறு. காய் வாங்கினால் ஒரு கொத்துக் கறிவேப்பிலை சும்மா தர வேண்டும். வாங்குகிறவர்கள் அதைச் சும்மா வந்தது என்று நினைக்கிறார்கள். அம்மா அதைக் காசு கொடுத்துத்தான் வாங்கி வருகிறது. கறிவேப்பிலை விலை ஏறும் மாதங்களில் நாள் லாபத்தில் ஒரு பங்கு கொசுறாகவே போய்விடும். "நிறுத்திடலாமே" என்று ஒருமுறை கேட்டேன். "கொசுறு குடுக்கலன்னா அந்தப் பொம்பள அடுத்த சாக்குக்குப் போய்டும். கீரைக்கா வருது? நம்ம மூஞ்சிக்கு வருது" என்றது. எங்கள் பாடத்தில் மார்க்கெட்டிங் என்று ஒரு யூனிட் இருந்தது. அதில் இது இல்லை.

ஏழரை மணிக்கு மேல் கீரையின் விலை இறங்கத் தொடங்கும். இருபது ரூபாய்க் கட்டு பதினைந்து ஆகும், பிறகு இரண்டு கட்டு இருபது. மறுநாள் அது மாட்டுக்குத்தான் ஆகும் என்பதால் வேறு வழியில்லை. இந்த நேரத்துக்கென்றே வருகிறவர்கள் உண்டு. எதிர்ச்சாரியில் மூடிய கடைப் படியில் உட்கார்ந்திருப்பார்கள். விலை இறங்கியதும் வருவார்கள். அம்மாவும் அவர்களைப் பார்த்தமாதிரி காட்டிக்கொள்ளாது, அவர்களும் அப்போதுதான் வந்தமாதிரி வருவார்கள்.

சனிக்கிழமை மட்டும் கணக்கே வேறு. கட்டட வேலைக்காரர்களுக்குச் சனிக்கிழமைதான் சம்பளம். எங்க அப்பா பெயின்டர், ஆகையால் எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அன்று இரவு தெருவில் மீன் வறுவல் வண்டி முதல் பலூன்காரர் வரை எல்லோருக்கும் நல்ல வியாபாரம்.

இதுவரை சொன்னது ஸ்டேஷன் பக்கத்துக் கடைத்தெரு. எங்கள் வீடு முடிச்சூர் சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில் இருக்கிறது. அங்கே கடைத்தெரு என்றால் அண்ணாச்சி கடை, ஒரு பால் பூத், ஒரு அரவை மில், ஒரு இஸ்திரி வண்டி, அவ்வளவுதான். சென்னையில் மளிகைக் கடைக்காரர்களை அண்ணாச்சி என்று கூப்பிடுகிறோமே, திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து கடை வைத்தவர்களால் வந்த பெயர் அது. எங்கள் அண்ணாச்சியும் அந்தப் பக்கம்தான். அவர் கடையில் ஐந்து ரூபாய்க்கு எண்ணெய் கிடைக்காது, ஆனால் ஐம்பது மில்லி எண்ணெய் கிடைக்கும். வாசலில் சரம் சரமாக ஷாம்பூ பாக்கெட் தொங்கும். இந்தச் சிறு பாக்கெட் யோசனையைப் பெரிதாகப் பரப்பியவர் நம் கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் ரங்கநாதன் 1983-ல் தொடங்கிய சிக் ஷாம்பூவும் பாக்கெட்டில்தான் ஊர் ஊராகப் போனது. சின்ன அளவில் வாங்கினால் விலை கூடும் என்பது பொது விதி. ஷாம்பூவில் மட்டும் பல சமயம் பாட்டிலைவிடப் பாக்கெட் மலிவு. நான் லேபிளைப் பார்த்து மில்லி கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன், நீங்களும் பாருங்கள். ஆனால் எண்ணெயும் பருப்பும் அப்படி இல்லை. நூறு கிராமாக வாங்குகிறவள் கிலோவாக வாங்குகிறவளைவிட அதிகம் கொடுக்கிறாள்.

அந்த அதிகத்துக்குப் பதிலாக அண்ணாச்சி கொடுப்பது நோட்டு. மாதம் இருபதாம் தேதிக்கு மேல் எங்கள் தெருவில் யாரும் காசோடு கடைக்குப் போவதில்லை. "அண்ணாச்சி, எழுதிக்குங்க" என்றால் எழுதிக்கொள்வார். வட்டி கிடையாது. 2015 டிசம்பர் 1-ம் தேதி இரவு அடையாற்றில் வெள்ளம் வந்தபோது முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் மூழ்கின. எனக்கு அப்போது எட்டு வயது. பள்ளிக்கூட மாடியில் நான்கு நாள் இருந்தோம். திரும்பி வந்தபோது அண்ணாச்சி கடையில் அரிசி மூட்டைகள் புளித்து நாறின. நோட்டு ஊறி, பால் பாயின்ட் மை தவிர மற்றதெல்லாம் கலைந்துவிட்டது. யார் எவ்வளவு பாக்கி என்று அவருக்கே தெரியாது. அம்மா போய் "எங்களுது எண்ணூத்தி சொச்சம் அண்ணாச்சி" என்று சொன்னது. சொல்லாதவர்களும் இருந்தார்கள். அவர் யாரையும் கேட்கவில்லை என்று பெருமையாகச் சொல்ல ஆசைதான், ஆனால் கேட்டார். சண்டையும் வந்தது. இரண்டு குடும்பங்கள் அதிலிருந்து வேறு கடைக்குப் போகின்றன. இப்போது அவர் நோட்டைப் பாலிதீன் பையில் போட்டுப் பரண்மேல் வைக்கிறார்.

இனி அந்தக் கணக்கு. தெரு வியாபாரத்துக்கு முதல் வேண்டும். காலையில் சரக்கு எடுக்க இரண்டாயிரம், மூன்றாயிரம் கையில் இருக்க வேண்டும். வீட்டில் ஒரு செலவு வந்து அந்த முதல் கரைந்தால் மறுநாள் வியாபாரம் இல்லை. அப்போது வருவது தண்டல். தண்டல்காரர் 10,000 ரூபாய்க் கடனுக்கு 1,500 பிடித்துக்கொண்டு 8,500 ரூபாய் கையில் தருவார். தினமும் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். மாலையில் சாக்குக்கே வந்து வாங்கிக்கொண்டு அட்டையில் டிக் போடுவார். தெருவில் எல்லோரும் இதைப் பதினைந்து வட்டி என்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இரண்டாம் ஆண்டில் ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முதல் நாளில் நம்மிடம் இருக்கும் கடன் 8,500. நாளுக்கு நாள் அது குறைந்து நூறாவது நாளில் பூஜ்யம். அப்படியானால் சராசரியாக நம் கையில் இருந்தது அதில் ஏறக்குறையப் பாதி, அதாவது 4,250 ரூபாய். அதற்குக் கொடுத்த வட்டி 1,500. நூறு நாளிலேயே நூற்றுக்கு 35 ஆகிவிட்டது. வருடத்துக்கு மாற்ற 365-ஐ 100-ஆல் வகுத்துப் பெருக்கினால் நூற்றுக்கு 129 வருகிறது. நான் தப்பாகப் போட்டேன் என்று மூன்றுமுறை போட்டேன். பிறகு கணக்கு வாத்தியாரிடம் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "சரியாத்தாம்மா இருக்கு, யாரு வாங்கினது?" என்று கேட்டார். பதில் சொல்லவில்லை. என்னை முதலாம் ஆண்டில் இங்கே சேர்க்க வாங்கிய தண்டல் அது.

அம்மாவிடம் சொன்னேன். கோபித்துக்கொள்ளும் என்று நினைத்தேன். "எனக்குத் தெரியாதா? அவன் பத்து நிமிஷத்துல குடுத்தான். வேற யாரு குடுத்தா?" என்றது. அது உண்மை. எங்கள் வீட்டில் என் சேர்க்கை விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்தவர் அப்பா ஒருவர்தான், அவரும் பெயரை மட்டும் எழுதுவார். எந்த வங்கியில் யார் போய் என்னவென்று கேட்பது?

வேறு யார் கொடுப்பார்கள் என்பதைத் தேடியபோதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான பகுதி எனக்குத் தெரிய வந்தது. சாலையோர வியாபாரிகளுக்கென்று மத்திய அரசு 2020 ஜூனில் ஸ்வநிதி என்று ஒரு வங்கிக் கடன் திட்டம் தொடங்கியது. தொடங்கியபோது முதல் கடன் 10,000 ரூபாய், ஒரு வருடத் தவணை, ஒழுங்காகக் கட்டினால் வட்டியில் 7 சதவீதம் மானியம். வங்கி வட்டி 12 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், மாதத் தவணையாகக் கட்டும் 10,000 ரூபாய்க்கு ஒரு வருட வட்டி 660 ரூபாய் அளவுதான். மானியம் வந்தால் அதிலும் பாதிக்குமேல் திரும்பிவிடும். பக்கத்துப் பூக்கார அக்கா வாங்கியிருந்தார். அம்மா வாங்கவில்லை. ஏனென்றால் அதற்கு வியாபாரி என்ற அடையாளம் வேண்டும். கணக்கெடுக்க வந்த வாரத்தில் அம்மா, பாட்டியின் காரியத்துக்காகத் திண்டிவனம் பக்கத்தில் எங்கள் ஊருக்குப் போயிருந்தது. பதினோரு வருடம் உட்கார்ந்த இடத்தில் அந்த ஒரு வாரம் இல்லாததால் பட்டியலில் பெயர் இல்லை.

இந்தக் கணக்கெடுப்பும் அட்டையும் எதிலிருந்து வருகின்றன என்றால், 2014-ல் வந்த சாலையோர வியாபாரிகள் சட்டத்திலிருந்து. நம் சிவில் பிரிவு நண்பர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம் இது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது வியாபாரிகளைக் கணக்கெடுத்துச் சான்றிதழ் தர வேண்டும். அந்த வேலை முடியும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்றுவதானால் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பொருளைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதித் தர வேண்டும், கீரை மாதிரி அழுகும் பொருளைக் கேட்ட அன்றே திருப்பித் தர வேண்டும். இதையெல்லாம் கவனிக்கும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளாகவே இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒருவர் பெண். வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் வழக்கமாகக் கூடுகிற இடத்தை இயற்கைச் சந்தை என்று சட்டமே ஒத்துக்கொள்கிறது. படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எங்கள் சர்வே லேப் வரைபடங்களில் சாலையோரக் கடையை ஆக்கிரமிப்பு என்றுதான் குறித்துப் பழகியிருக்கிறோம்.

இடம் ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். தாம்பரத்துக்கு வருமுன் அம்மா வேறொரு புறநகர்ச் சந்தையில் உட்கார்ந்திருந்தது, ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே எல்லோரையும் பின்பக்கத்து மைதானம் ஒன்றுக்கு மாற்றினார்கள். மேலே கூரை, தண்ணீர்க் குழாய், சிமென்ட் திண்ணை, குறை சொல்ல முடியாது. ஆனால் ரயிலடியிலிருந்து வீட்டுக்குப் போகிற வழியில் அது இல்லை. முந்நூறு மீட்டர் விலகி இருந்தது. களைத்து வருகிற பெண் ஒரு கட்டுக் கீரைக்காக முந்நூறு மீட்டர் போய்வர மாட்டாள். இரண்டு மாதத்தில் முக்கால்வாசிப் பேர் கிளம்பிவிட்டார்கள், அம்மாவும்தான். பெருங்களத்தூரிலும் இதைப் பார்க்கலாம். பண்டிகை இரவுகளில் வெளியூர் பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் கூட்டத்தை நம்பி அங்கே தண்ணீர் பாட்டில், பூ, வேர்க்கடலை விற்றவர்கள் உண்டு. 2023 டிசம்பர் 30-ம் தேதி கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தது. பஸ் ஏறுகிறவர்கள் அங்கே போய்விட்டார்கள். கடலை வண்டிக்காரர் நின்ற இடம் அப்படியேதான் இருக்கிறது.

இதை வைத்து மினி புராஜெக்ட் செய்யலாம் என்று என் தோழியும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை 30 மீட்டர் டேப்போடு போனோம். அம்மாவின் இடம் 4 அடிக்கு 3 அடி, 12 சதுர அடி. பக்கத்தில் நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளை அளந்தோம். 6 அடிக்கு இரண்டரை அடி, 15 சதுர அடி. அம்மாவின் இடத்தில் ஒரு மாலையில் நாற்பது, ஐம்பது பேர் வாங்குகிறார்கள். மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் துணிக்கடைக்குள் இரண்டு மணி நேரம் இருந்தார். நாங்கள் அளந்துகொண்டிருந்தபோதே ஒரு 108 ஆம்புலன்ஸ் உள்ளே வந்து மாட்டிக்கொண்டது. அம்மாவும் மற்றவர்களும் சாக்கை நான்கு முனையில் பிடித்து அப்படியே தூக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார்கள். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வண்டிகளின் சொந்தக்காரர்களைத் தேடிக் கடைக்குள் ஆள் போய்வர அதைவிட அதிக நேரம் ஆயிற்று. இதனால் தெருவில் நெரிசலே இல்லை என்று நான் சொல்லவில்லை. நெரிசல் இருக்கிறது, ஆம்புலன்ஸுக்கு வழி வேண்டும், அதை வரையப் போகிறவர்கள் நாம்தான். வரைகிறபோது டேப்பை எல்லாவற்றின்மேலும் வைத்துப் பார்க்க வேண்டும் என்று புராஜெக்டில் எழுதினோம். 20-க்கு 17 மதிப்பெண். "படம் சுத்தமில்லை" என்று மூன்று போய்விட்டது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழையது பார்த்து வாங்கிய மினி டிராஃப்டர் அப்படித்தான் வரையும்.

அட்டை விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு கணக்கெடுப்புக்கு நடுவிலும் ஒருவர் சான்றிதழ் கேட்டு விண்ணப்பிக்கலாம், குழு அதைப் பரிசீலிக்கலாம் என்று அதே சட்டத்தில் இருக்கிறது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 முதல் மாதம் 1,000 ரூபாய் வருகிறதல்லவா, அதில் ஜெராக்ஸ், போட்டோ செலவைச் செய்தேன். ஆதார் நகல், ரேஷன் அட்டை நகல், இரண்டு போட்டோ, எத்தனை வருடமாக எந்த இடத்தில் என்ற விவரம், அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் இரண்டு பேரின் கையெழுத்து. துணிக்கடைக்காரர் போட மாட்டார் என்று நினைத்தோம், போட்டுக் கொடுத்தார். தொழில் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். பள்ளிக்கூட விண்ணப்பங்களில் எல்லாம் அம்மா "வீட்டு வேலைன்னு போடு" என்றுதான் சொல்லும். இந்தமுறை கொஞ்சம் யோசித்துவிட்டு, "கீரை வியாபாரம்" என்றது.

விண்ணப்பம் கொடுத்தாகிவிட்டது. ஒப்புகைச் சீட்டு எங்கள் வீட்டு அரிசி டின்னுக்குள், அண்ணாச்சி நோட்டு மாதிரியே பாலிதீன் பையில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு அந்த வரிசையிலிருந்தே பதினோரு பேர் வந்தார்கள். ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குமேல் சாக்கைச் சுருட்டியபின், துணிக்கடைப் போர்டு வெளிச்சத்தில் அவர்களுக்கு எழுதிக் கொடுக்கிறேன். இதுவரை ஏழு முடிந்திருக்கிறது. நம் கல்லூரியில் யாருடைய அம்மாவோ அப்பாவோ அப்பா கூடப்பிறந்தவர்களோ தெருவில் உட்கார்ந்து விற்றுப் பட்டியலில் விட்டுப்போயிருந்தால், மேலே சொன்ன காகிதங்களோடு என்னிடம் வரலாம். மூன்றாம் ஆண்டு சிவில், ஜன்னல் பக்கம் கடைசி பெஞ்ச். போட்டோ இரண்டு மறக்காமல் கொண்டு வரவும்.